சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

டிஸ்கி: நான் விமானம் கட்டினவன் இல்ல. கட்டுறவங்க எழுதுறதை வாயைப் பிளந்துக்கிட்டு படிக்கிற கோஷ்டி. பொழப்பு மீட்டரும் கையுமா ஓடுறதால சில விஷயம் மட்டும் கொஞ்சம் புரியும். தப்பு இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க :-)

ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கம் வரவே முடியல. நேத்து ராத்திரி தூக்கம் வராம சொந்தமா விமானம் கட்டுறவங்க சமாச்சாரமா மேய்ஞ்சிட்டு இருந்தேன். நம்ம ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் ஞாபகம் இருக்கா? லண்டன்ல இருந்துக்கிட்டு, கொரோனா ஊரடங்கு நேரத்துல நாலு சீட்டு விமானம் ஒண்ணைத் தன் கையால கட்டி, 2022ல குடும்பத்தோட ஐரோப்பா சுத்துறாருன்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சே, அவர்தான். தென்னாப்பிரிக்காவோட ஸ்லிங் டி.எஸ்.ஐ. கிட். அந்த மாடலுக்கு வர்ற இன்ஜின் ஆஸ்திரியாக்காரனோட ரோட்டாக்ஸ் 915. பெட்ரோலை எவ்வளவு பீச்சணும்னு ஒரு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். அதுக்கு உள்ளே போற காத்து எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சாகணும். அதைச் சொல்றதுக்கு சுண்டுவிரல் சைஸ்ல ஒரு சென்சார்.

இந்த மாதிரி சென்சாரை மாத்துறது பெரிய வித்தை இல்ல. கனெக்டரைப் பிடுங்கு, பழசைக் கழட்டு, புதுசை மாட்டு, அவ்வளவுதான். அதனாலேயே இன்ஜின் கொஞ்சம் முரண்டு பிடிச்சா "முதல்ல சென்சாரை மாத்திடு"ன்னு யோசனை சொல்லிடுறாங்க. எனக்கு இதுலதான் தகராறு. அளந்து பாக்காம மாத்துறதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல, லாட்டரி.

ஏன் இவ்வளவு கடுப்புன்னா, எங்க வீட்டுலயே இது நடந்துச்சு.

என் தங்கச்சி வீட்டுக்காரர், மச்சான், பாம்பன்ல இருந்து ராமநாதபுரத்துக்கு ஐஸ் போட்டு மீன் ஏத்திட்டுப் போறவர். முன் சீட்டுக்குக் கீழயே இன்ஜின் இருக்குற சின்ன பெட்ரோல் வேன். காலையில கிளம்பும்போது ஜம்முனு ஸ்டார்ட் ஆகும். வழியில டீக்கு நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு சாவியைத் திருப்பினா கிர்ர்ர்னு சுத்தும், பிடிக்காது. பெட்ரோல் நாத்தம் குடலைப் புடுங்கும். வெயில்ல ஐஸ் உருகி ஒழுக ஒழுக மனுஷன் ரோட்டுல நிப்பார். மீன் காத்திருக்குமா? ரெண்டு தடவை முழு லோடும் கருவாட்டு விலைக்குப் போச்சு. பெரிய ஒர்க்‌ஷாப் ஒண்ணுல (பேர் வேணாம்) காத்து டெம்பரேச்சர் சென்சாரை மாத்தினாங்க. பத்து நாள்ல திரும்ப அதே கதை. மறுபடியும் ஒரு புது சென்சார், மறுபடியும் பில்லு.

கடைசியில பாம்பன்ல போட்டு இன்ஜின் பாக்குற ஒரு அண்ணன்தான் கண்டுபிடிச்சார். சென்சாரை அவர் கழட்டவே இல்ல. கனெக்டரை மட்டும் பிடுங்கி டார்ச் அடிச்சு என்னைக் கூப்பிட்டு காட்டினார். உள்ள பின்னு ரெண்டும் பச்சைப் பசேல்னு பாசி மாதிரி. "மீன் தண்ணி ஒழுகியிருக்கு தம்பி. நீங்க அம்பது சென்சார் மாத்தினாலும் இப்படித்தான் இருக்கும்"னாக.

ஊருக்குத் திரும்பினப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். இந்த சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறையுற வகை. பொதுவா வண்டிகள்ல வர்றது 20 டிகிரியில ரெண்டரை கிலோ ஓம் இருக்கும். 60 டிகிரியில சுமார் 600 ஓம், 80 டிகிரியில சுமார் 300 ஓம். இப்போ அந்தப் பச்சைத் துரு தன் பங்குக்கு ஒரு 300 ஓம் சேக்குதுன்னு வைங்க. காலையில குளிர்ந்த இன்ஜின்ல 2500 கூட 300. ரெண்டு மூணு டிகிரிதான் வித்தியாசம், யாருக்கும் தெரியாது. ஒர்க்‌ஷாப்ல எப்ப பாத்தாலும் "எல்லாம் நார்மல்"னு வந்தது அதனாலதான். ஆனா சூடான இன்ஜின்ல 300 கூட 300, அதாவது 600. காத்து 80 டிகிரியில இருக்க, கம்ப்யூட்டர் 60ன்னு நம்பிடும். குளிர்ந்த காத்துன்னா அடர்த்தி ஜாஸ்தி, அதுக்குத் தக்கன ஆறு சதவீதம் போல பெட்ரோலைக் கூட்டி ஊத்தும். சூட்டுல ஸ்டார்ட் பண்ணும்போது ஏன் மூச்சு முட்டுதுன்னு அப்பதான் விளங்குச்சு.

வயர் சுத்தமா அத்துப் போனா நல்லது. கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சுடும், லைட்டைப் போட்டு ஒரு உத்தேச மதிப்பை வச்சு ஓட்டும். பாதி அரிச்சதுதான் வில்லன். நம்புற மாதிரியே பொய் சொல்லும்.

வேனா இருந்தா ஓரமா நிறுத்தலாம். ஆகாசத்துல ஓரம் ஏது? காலையில குளுகுளுன்னு தரையில ஓட்டிப் பாத்து எல்லாம் சரின்னு கிளம்பினவன், மேல ஏறி இன்ஜின் கூட்டுக்குள்ள சூடு ஏறினப்புறம்தான் இந்தப் பொய்யைச் சந்திப்பான். ரோட்டாக்ஸ் 914ன்னு அதே கம்பெனியோட டர்போ இன்ஜின் ஒண்ணு இருக்கு. கார்புரேட்டர்தான், ஆனா டர்போ அழுத்தத்தை ஒரு கம்ப்யூட்டர் பாத்துக்கும். காத்துப் பெட்டி ரொம்ப சூடானா இன்ஜினைக் காப்பாத்த அழுத்தத்தைக் குறைக்கும். அந்த சென்சார் "குளிரா இருக்கு"ன்னு புளுகினா? குறைக்க வேண்டிய நேரத்துல குறைக்காது. உள்ள நாக்கிங் வந்து பிஸ்டனே போயிடலாம்.

இதுல வேடிக்கை, அந்த 914 எங்க ஊருக்கு அந்நியம் இல்ல. உச்சிப்புளி கடற்படை விமானதளம், 2009ல ஐ.என்.எஸ். பருந்துன்னு பேர் வச்சாங்களே, அங்க 2012ல ஆளில்லா விமானப் பிரிவு ஆரம்பிச்சாங்க. அந்த ஹெரான் விமானத்துக்கு இன்ஜின் ரோட்டாக்ஸ் 914தான். வீட்டுல விமானம் கட்டுறவன் ஆசைப்பட்டு வாங்குற அதே இன்ஜின் எங்க தென்னந்தோப்புக்கு மேல சுத்திக்கிட்டு இருந்திருக்கு, நாங்க கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு இருந்திருக்கோம். உப்புக் காத்து எங்க பக்கம் எப்பேர்ப்பட்டதுன்னு சொல்லவா வேணும். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் துருப்பிடிக்கிறதைச் சோதிக்கவே மண்டபத்துல ஒரு மையம் வச்சிருக்கு!

சரி, இதை அளக்குறது யாரு? "வீட்டுல கட்டினவன் கையில ஸ்பேனரைக் குடுத்தா செத்துப் போவான்"னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு உடன்பாடில்லை. அந்த வயர் எந்த ஓட்டை வழியா போகுது, எங்க உரசுதுன்னு கட்டினவனைவிட யாருக்குத் தெரியும்? அமெரிக்காவுல கட்டினவருக்கே அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ரிப்பேர்மேன் சான்றிதழ் தர்றாங்க, வருஷாந்திர சோதனையை அவரே செஞ்சு கையெழுத்துப் போடலாம். இங்கிலாந்துல சங்கத்தோட இன்ஸ்பெக்டர் வந்து பாத்து கையெழுத்துப் போடுவார். எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. செஞ்சவனுக்கு செஞ்சதெல்லாம் சரியாத்தான் தெரியும், இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும்.

நம்ம நாட்டுல? மும்பை கான்டிவிலியில மொட்டை மாடியில ஆறு சீட்டு விமானம் கட்டின கேப்டன் அமோல் யாதவ், பதிவெண் வாங்க வருஷக்கணக்கா அலைஞ்சு 2017 நவம்பர்லதான் வாங்கினார். இத்தனைக்கும் 1910லயே மெட்ராஸ்ல டி ஏஞ்சலிஸ்ங்கிற ஓட்டல்காரர் சிம்சன் கம்பெனியில சொந்த டிசைன்ல விமானம் செய்ய வச்சு பறந்து காட்டிட்டார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கட்டினவன் கையில மீட்டரையும், அவன் தோளுக்குப் பின்னாடி ஒரு இன்ஸ்பெக்டரையும் குடுக்க இன்னும் எத்தனை வருஷம்?

பாம்பன் அண்ணன் அன்னைக்கு அந்தப் பின்னு ரெண்டையும் வெட்டி எறிஞ்சு, புதுசா கிரிம்ப் பண்ணி, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடினார். கூலி நூத்தி அம்பது ரூபா. கழட்டிப் போட்ட ரெண்டு சென்சாரையும் நான் கொண்டு வந்து வெந்நியில போட்டு அளந்தேன். ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, கூரியர் செலவு மட்டும் உங்களோடது :-)