தாமதம் யாருடையது?

ஆவணியில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் சமையலறையைப் புதுப்பித்துவிட வேண்டுமென்று ஆனி மாதமே மேஸ்திரியிடம் பேசி, முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆடி முடிந்துவிட்டது. அலமாரிக்குக் கதவில்லை, சுவரில் டைல்ஸ் பாதிதான் ஏறியிருக்கிறது. "சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத மனிதர்!" என்று மேஸ்திரியைத் திட்டுகிறோம். திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. டைல்ஸுக்கு நிறம் தீர்மானிக்க நாம் எத்தனை நாள் எடுத்துக் கொண்டோம்?

கோபித்துக் கொள்ளாதீர்கள், வாசகிகளே! நான் கேட்காவிட்டாலும், விஷயம் முற்றினால் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கத்தான் போகிறார். மாமியாருக்குப் பச்சை பிடிக்கும். பெண்ணுக்குச் சாம்பல் நிறம். வீட்டுக்காரரோ "எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டு, சாமான் வந்து இறங்கிய பிறகு முகத்தைச் சுளிப்பார். இப்படியே பன்னிரண்டு நாள் போயிருந்தால், அந்தப் பன்னிரண்டு நாள் மேஸ்திரியின் கணக்கில் சேராது.

ஒப்பந்தம் என்றால் வேலை செய்கிறவர் மட்டுமே வாக்குக் கொடுக்கிறார் என்று நினைக்கிறோம். நாமும் கொடுக்கிறோம். வேளைக்குக் கதவைத் திறந்துவிடுவது, எங்கே என்ன வேலை என்று காட்டுவது, வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்ட சாமானை வாங்கித் தருவது, தவணைப் பணத்தைத் தவறாமல் கொடுப்பது எல்லாம் நம் பங்கு.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் ஏ என்றும் பி என்றும் இரண்டு பேர், நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக ஓயாமல் வழக்காடிக் கொண்டிருக்கிறார்கள். 67-வது பிரிவைப் பாருங்கள். பியின் வீட்டைப் பழுது பார்க்க ஏ ஒப்புக் கொள்கிறார். எந்தெந்த இடத்தில் பழுது என்று பி காட்டவில்லை. அதனால் வேலை நின்றுபோனால் ஏயின் மீது குற்றமில்லை என்கிறது சட்டம்.

54-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டட வேலைக்குச் சாரமும் மரமும் தருவதாகச் சொன்ன பி, பிறகு தர மறுக்கிறார். ஏ வேலை செய்ய வேண்டியதில்லை; அவருக்கு நேர்ந்த நஷ்டத்தையும் பி கொடுக்க வேண்டும். 'பணம் கொடுக்கிறவர் நாம்தானே' என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

அதற்காக, நாம் ஒரு நாள் தவறினால் மேஸ்திரி ஒரு மாதம் தவறலாம் என்று அர்த்தமில்லை. நம்முடைய கவனக்குறைவினால் எது நின்றதோ, அதற்கு மட்டுமே அவருக்கு மன்னிப்பு உண்டு. சமையலறை டைல்ஸுக்கு நிறம் சொல்லத் தாமதித்தோம், சரி. கூடத்துக்கு வர்ணம் பூச என்ன தடை? 'நீங்கள்தானே அம்மா லேட்!' என்று அவர் பொத்தாம் பொதுவாகச் சொன்னால், எந்த வேலை, எத்தனை நாள் என்று நிதானமாகக் கேளுங்கள்.

பெரிய கம்பெனிகளிடம் வேலை கொடுத்தால் அச்சடித்த ஒப்பந்தம் நீட்டுவார்கள். அதில் 'வாடிக்கையாளரால் ஏற்படும் தாமதம்' என்ற பகுதியை அவசியம் படியுங்கள். பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும். முடிக்கும் தேதி தள்ளிப்போகும். ஆட்கள் சும்மா இருந்த நாளுக்குக் கூலி கேட்பார்கள். தயாரான சாமானை வைத்திருக்க வாடகை கேட்பார்கள். இவை நியாயமாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம். நாம் தாமதித்த நாளுக்கு நாள்தான் தேதி தள்ளுமா? தாமதம் நேர்ந்தவுடன் நமக்கு எழுத்தில் தெரிவிப்பார்களா? கூலிக்கும் வாடகைக்கும் வரம்பு உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நம் தாமதத்துக்கு ஒரு தராசு, அவர்கள் தாமதத்துக்கு வேறு தராசு என்று இருப்பதைச் சட்டமும் இப்போது ஏற்பதில்லை. அடுக்குமாடி வீடு வாங்கியவர் தவணை தவறினால் 18 சதவிகித வட்டி, கட்டிடக் கம்பெனி வீட்டைத் தராமல் பணத்தைத் திருப்பினால் 9 சதவிகிதம் என்று எழுதியிருந்த ஓர் ஒப்பந்தத்தை, ஒருதலைப்பட்சமானது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி இரு தரப்புக்கும் ஒரே வட்டி விகிதந்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதத்தை நம் தலையில் கட்டும் ஒப்பந்தம் நியாயமற்றது என்கிறது. மாநில ஆணையத்தில் அதைப் பற்றி முறையிடலாம்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? பால் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாம் நிறம் சொன்ன தேதி, சாமான் வந்த தேதி, பணம் கொடுத்த தேதி, ஆள் வராத தேதி நான்கையும் எழுதுங்கள். முடிவு எதையும் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பி வையுங்கள். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பராமரிக்க ஆள் வருகிற அன்று வெளியே போக நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், வந்தோம், கதவு பூட்டியிருந்தது என்று எழுதிக் கொண்டு போய்விடுவார்கள்.

இன்னொன்று. நிச்சயதார்த்தம் போல, நாள் தவறினால் பயனில்லை என்ற வேலையானால், அந்தத் தேதி முக்கியமென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியும் மேஸ்திரி தாமதித்து முடித்தால், வேலையை ஏற்றுக் கொள்ளும்போதே நஷ்டஈடு கேட்கப் போவதாகச் சொல்லிவிட வேண்டும். 55-வது பிரிவு அப்படித்தான் கேட்கிறது. அன்று பேசாமல் இருந்துவிட்டு, விசேஷம் முடிந்து சாவகாசமாகக் கேட்டால் கிடைக்காது.

நோட்டுப் பக்கத்தில் நம் பங்கு சுத்தமாக இருந்தால், மேஸ்திரியிடம் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இராது. தேதிகளைப் படித்துக் காட்டினால் போதும்.