மின்குமிழ் மாற்ற யாரை எதிர்பார்ப்பது?

களப்பணிக்காக வீடுகளுக்குப் போகும்போது அடிக்கடி காண்கிறேன். கணவரை இழந்த அக்காமார் தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பார்கள், கடன் கட்டுவார்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளுவார்கள். குசினி மின்குமிழ் எரிந்துபோனால் மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி வரும்வரை குப்பி விளக்குத்தான். பிள்ளைகளின் படிப்பும் அந்தப் புகையில்தான்.

சகோதரிகளே, இது ஐந்து நிமிட வேலை. ஆனால் சுவரிலுள்ள சுவிச்சை நிறுத்தினால் போதாது. வயரிங் பிழையென்றால் ஹோல்டரில் அப்போதும் மின்சாரம் இருக்கும். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். குமிழ் ஆறட்டும். கதிரையை மகள் பிடிக்கட்டும், அவளும் பழகுவாள். பின் உள்ள குமிழை அமுக்கி இடப்பக்கம் திருப்புங்கள். மரைக் குமிழுக்கு அமுக்கத் தேவையில்லை.

சீலிங்குக்குள் பதித்த விளக்குகளில் சூடு வெளியேற வழி குறைவு. அதில் குறித்துள்ள வாட்ஸுக்கு மேல் போடாதீர்கள். பழைய 60 வாட்ஸ் குமிழின் வெளிச்சத்தை ஏறக்குறைய 9 வாட்ஸ் எல்.ஈ.டி. தரும். பழைய சி.எப்.எல். சுருள் குமிழ் உடைந்தால் கவனம், உள்ளே பாதரசம் உண்டு. பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னலைத் திறந்து, சற்றுப் பொறுத்து, தடித்த மட்டையால் அள்ளுங்கள், தும்புத்தடி வேண்டாம்.

ஹோல்டர் கருகியிருந்தால் மட்டும் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.