2.28 லட்சத்துக்கு பேவர் பிளாக் போடணுமா? ஒரு அடையாறு அசோசியேஷன் ட்ரெஷரரோட கணக்கு

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசுவோம். இன்னிக்கு பேசப்போறது எங்க ஃப்ளாட்ஸ் கொல்லைப்புறத்தைப் பத்தி. "இதுல என்னப்பா ஃபைனான்ஸ்?"னு கேட்காதீங்க. முழுக்க முழுக்க ஃபைனான்ஸ்தான்.

நான் இருக்கிறது அடையாறுல ஒரு பழைய அபார்ட்மென்ட். 12 வீடு, லிஃப்ட் கிடையாது. பின்னாடி சரியா ஒரு கிரவுண்டு மண் தரை, அதாவது 2,400 சதுர அடி. ஒரு மாமரம், ரெண்டு வேம்பு, கறிவேப்பிலை, எலுமிச்சை, யாரும் நடாமலே வந்த எருக்கு, நிறைய சருகு. ரெண்டு வருஷமா நான்தான் அசோசியேஷன் ட்ரெஷரர். யாரும் ஏத்துக்காததால வந்த பதவி.

நாலு மாசம் முன்னாடி அங்க ஒரு பாம்பு தென்பட்டுச்சு. வனத்துறைக்குச் சொன்னோம், ஆள் வந்து பிடிச்சு, சாரைப்பாம்புதான்னு சொல்லி எடுத்துட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குரூப் சூடாயிடுச்சு. ரெண்டு நாள்ல கொட்டேஷன் வந்துச்சு: செடியெல்லாம் எடுத்து, கீழே கான்கிரீட் பெட் போட்டு, மேல பேவர் பிளாக். சதுர அடிக்கு 95 ரூபாய். மொத்தம் 2,28,000. கார்ப்பஸ் ஃபண்ட்ல இருக்கிற எஃப்டியை உடைச்சுக் கொடுக்கலாம்னு பேச்சு. வர்ற ஞாயிறு ஏஜிஎம்ல ஓட்டு. இப்போதைக்கு 12ல 7 வீடு பேவர் பக்கம்.

நான் எதிர்ப்பக்கம். ஆனா "இயற்கையை அழிக்காதீங்க"ன்னு உருகப்போறதில்லை. கணக்கே போதும்.

முதல்ல, அவங்க சொல்றதுல இருக்கிற நியாயம்

போன ஐப்பசி மழையில, கீழ் வீட்டு மாமா துணி எடுக்கப் பின்னாடி போனவர் ஈரச் சருகுல வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு, பிளேட் வெச்சாங்க. அவரோட இன்ஷூரன்ஸ் போக கையில இருந்து போனதே இந்தக் கொட்டேஷன்ல பாதிக்கு மேல. அந்த மாமி ஏஜிஎம்ல "உங்க பட்டாம்பூச்சிக்காக எங்க வீட்டுக்காரர் கையை உடைச்சுக்கணுமா?"னு கேட்டா எனக்கு வாய் திறக்க முடியாது. நம்ம ஃப்ளாட்ஸ்ல பாதிப் பேர் 60 வயசைத் தாண்டினவங்க. குழந்தைங்க அமெரிக்காவுல. விழுந்தா தூக்கவே ஆள் தேடணும்.

பாம்பு பயமும் நியாயம்தான். வந்தது சாரைன்னு பிடிச்சவர் சொன்னார். அடுத்து வர்றது சாரையா நாகமான்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. ஆனா ஒண்ணு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 படி பாம்பை அடிச்சுக் கொல்றது குற்றம். தள்ளி நின்னு, கண்ணு எடுக்காம பாத்துக்கிட்டே போன் பண்றதுதான் வழி.

"ஒரு தடவை செலவு பண்ணா முடிஞ்சுது" - முடியாது

ஏஜிஎம்ல எப்பவும் ஜெயிக்கிற வாக்கியம் இது. மாசா மாசம் தோட்டக்காரருக்கு 1,000 ரூபாய்னா பத்து கேள்வி வரும். ஒரே தடவை 2 லட்சம்னா கை தட்டுவாங்க.

ஆனா பேவர் பிளாக் ஒரு தடவை செலவு இல்லை. தி.நகர், மயிலாப்பூர் பக்கம் பத்து வருஷப் பழைய காம்பவுண்டு எதையாவது போய்ப் பாருங்க. மரத்து வேர் ஒரு பக்கம் தூக்கியிருக்கும், பெருச்சாளி வளை தோண்டி இன்னொரு பக்கம் இறங்கியிருக்கும். சாக்கடை லைன் அடைச்சா பெயர்த்தாகணும். திரும்பப் போட்டா முன்ன மாதிரி உட்காராது. பள்ளத்துல தண்ணி நிக்கும். விழுறதுக்கு ஈரச் சருகு மட்டும்தான் காரணமா இருக்கணும்னு இல்லையே.

இன்னொரு விஷயம், பேவருக்குக் கை தூக்குற அதே ஆளுங்கதான் "இன்னும் மூணு நாலு வருஷத்துல ரீடெவலப்மென்ட் போயிடலாம்"னும் சொல்றாங்க. அடையாறுல எந்தத் தெருவுல பாத்தாலும் ஒரு பழைய ஃப்ளாட்ஸ் இடிபடுது. அப்போ ஜேசிபி வந்து முதல் நாள் பெயர்க்கப்போறது இந்தப் பேவரைத்தான். பில்டர் அதுக்கு ஒரு பைசா கூடுதலா தரமாட்டார். வீட்டுக்கு 19,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு. இதை ஒரு முதலீடுன்னு நான் சொன்னா என்னை அன்சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க.

மண்ணு தர்ற தண்ணி

ஒரு கிரவுண்டுன்னா சுமார் 223 சதுர மீட்டர். சென்னையில வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யுது. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர். அப்போ எங்க கொல்லையில மட்டும் விழுறது சுமார் 3.12 லட்சம் லிட்டர். ஆவியாகிறது, வழிஞ்சு ஓடுறதுன்னு பாதியைக் கழிச்சாலும் 1.56 லட்சம். 12,000 லிட்டர் லாரிக்கு 13 லாரி. உங்க ஏரியா லாரி விலையால நீங்களே பெருக்கிக்கோங்க.

இந்தத் தண்ணி முழுக்க எங்க போருக்கே வராது, பக்கத்துத் தெரு போருக்கும் போகும். ஒத்துக்கிறேன். ஆனா கடல் பக்கத்துல இருக்கிற நமக்கு நிலத்துல நல்ல தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணி உள்ளே வரும். 2003ல தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினதே இந்த நிலத்தடி நீருக்காகத்தான். 2019 கோடையில லாரிக்காகக் காத்துக் கிடந்ததை இந்த ஊர் அதுக்குள்ள மறந்துடுச்சா? மொட்டை மாடித் தண்ணிக்குக் குழாய் போட்டு மண்ணுல விட்டுட்டு, மண்ணுக்கு மேல கான்கிரீட் போடுறது எந்த ஊர் நியாயம்?

சம்பளம் வாங்காத ஸ்டாஃப்

பாம்பு போனப்புறம் ஒரு மாசத்துல ரெண்டு காருக்கு எலி வயரைக் கடிச்சிடுச்சு. ஒருத்தருக்கு ரிப்பேர் 8,500 ரூபாய். பாம்பு போனதாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சாரைக்கு எலிதான் சாப்பாடு, அதுல சந்தேகமே இல்லை. தவிட்டுக்குருவிங்க கூட்டமா வந்து சருகைப் புரட்டிப் பூச்சி பிடிக்கும். கறிவேப்பிலையில புழு இருக்குன்னு மருந்து அடிச்சோமே, அது வளர்ந்தா கறிவேப்பிலை அழகிங்கிற கறுப்புப் பட்டாம்பூச்சி. வேண்டாத செடின்னு பிடுங்கச் சொல்ற எருக்குலதான் வெந்தய வரியன் முட்டை போடும்.

"கொசு?"ன்னு கேப்பீங்க. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு காய்ஞ்ச சருகுல முட்டை போடுறதில்லை. தேங்கின தண்ணியில போடும்: தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஏசி தண்ணி பிடிக்கிற வாளி, மூடாத சம்ப். வாரத்துக்கு ஒரு நாள் இதையெல்லாம் கவிழ்த்தா போதும். செலவு பூஜ்யம்.

சருகைக் கூட்டிக் கொளுத்துறவங்களுக்கு ஒரு தகவல்: திறந்தவெளியில குப்பை எரிச்சா 5,000 ரூபாய் அபராதம்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லயே சொல்லிடுச்சு.

ரெண்டு பூங்கா, ரெண்டு பாடம்

நம்ம ஏரியாவிலேயே நல்ல உதாரணம் இருக்கு. 2010 நவம்பர்ல கதீட்ரல் ரோடுல, பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்துல செம்மொழிப் பூங்கா திறந்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு, 2011 ஜனவரியில, அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்துல 58 ஏக்கர்ல தொல்காப்பியப் பூங்கா. முதலாவது வெட்டி, ஒழுங்குபடுத்தி, புல்தரையோட இருக்கிற அழகு. ரெண்டாவது குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தை நம்ம ஊர் மரங்களை நட்டு மீட்டது. அங்க சருகு கிடக்கும், புதர் இருக்கும். அதுக்காக நடைபாதையில புதர் இருக்காது. எந்த இடத்தை விடணும், எந்த இடத்தைக் கூட்டணும்னு யோசிச்சுப் பண்ணியிருக்காங்க.

பிரிட்டன்ல கேரவன் நிறுத்துற விடுமுறைப் பூங்காக்களுக்கும் இதே தலைவலி. காசு கொடுத்துத் தங்குறவங்களுக்கு இடம் நீட்டா இருக்கணும், அதே சமயம் பறவையும் வேணும். பூச்சிக்கும் பறவைக்கும் இடம் விடுற பூங்காக்களுக்கு டேவிட் பெல்லமி பேர்ல விருதே கொடுத்தாங்க. ஓரத்தை மட்டும் ஒழுங்கா வெட்டிவிட்டா, உள்ளே இருக்கிற காடு "கவனிக்காம விட்டது" மாதிரி தெரியாது, "வேணும்னே வெச்சது" மாதிரி தெரியும். நம்ம ஃப்ளாட்ஸ்லயும் பாதிச் சண்டை இந்தத் தோற்றத்தாலதான்.

ஞாயித்துக்கிழமை நான் வைக்கப்போற தீர்மானம்

1. படிக்கட்டுல இருந்து துணிக்கொடி, மோட்டார் ரூம் வரைக்கும் 60 அடி நீளம், 3 அடி அகலத்துக்குப் பாதை. வழுக்காத பேவர், ஒரு பக்கம் கைப்பிடி. 180 சதுர அடிக்கு 17,100 ரூபாய். வீட்டுக்கு 1,425. கைப்பிடிக்குத் தனி கொட்டேஷன் வாங்கணும்.

2. கட்டடச் சுவரை ஒட்டி நாலு அடிக்கு எதுவும் வளரக் கூடாது. செங்கல் குவியல், உடைஞ்ச கமோடு, பழைய கதவு எல்லாம் இந்த வாரமே வெளியே. பாம்பும் எலியும் ஒளியுறது முக்கால்வாசி அங்கதான்.

3. மீதி இடத்துல சருகு கிடக்கட்டும். சுத்தி ஒரு வரிசைச் செங்கல், முழங்கால் உயரத்துக்கு வெட்டின வேலி. பாதையில விழுறதைக் கூட்டி அங்கயே போடுறது.

4. மரத்தடியைச் சுத்தி சிமென்ட் கிடையாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல எங்க வாசல் குல்மோஹர் ஒரு கார் மேல சாஞ்சுது. அதோட தண்டு வரைக்கும் சிமென்ட் பூசி வெச்சிருந்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாடி, தெரிஞ்ச ஆளை வெச்சுக் கிளை பாக்கணும். மரத்தையே வெட்டணும்னா மாநகராட்சிகிட்ட கேட்டுட்டுத்தான்.

5. கார்ப்பஸ்ல மிச்சமாகிற 2,10,900 ரூபாய் எஃப்டியிலயே இருக்கட்டும். 6.5% வட்டின்னு வெச்சா வருஷம் சுமார் 13,700, மாசம் 1,140. கூட்டுற அம்மாவுக்குத் தினமும் காலையில பாதையைச் சுத்தம் பண்ண மாசம் 1,000 கூட்டிக் கொடுக்கலாம். மெயின்டெனன்ஸ் ஏத்த வேண்டாம்.

பெரிய கேட்டட் கம்யூனிட்டியில இருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. லேண்ட்ஸ்கேப்பிங் கான்ட்ராக்ட், புல்தரை, தினசரி தண்ணின்னு சேர்த்துக்கிட்டே போய் மாச மெயின்டெனன்ஸ் வீட்டுக்கு 7,500ஐத் தாண்டி, சங்கத்தோட வருஷ வரவு 20 லட்சத்தையும் தாண்டினா, 18% ஜிஎஸ்டி வந்து உக்காரும். புல்தரைக்கும் சேர்த்து வரி கட்டுறோமான்னு ஒரு தடவை பட்ஜெட்டைப் பிரிச்சுப் பாருங்க.

கீழ் வீட்டு மாமிகிட்ட நேத்து இந்தக் கணக்கைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "கைப்பிடி ரெண்டு பக்கமும் போடு, நான் உனக்குக் கை தூக்குறேன்"னாங்க. போட்டுடலாம். ஆக, 7-5 இப்போ 6-6. இன்னும் ஒரு வீடு வேணும்.

ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு அடுத்த வீடியோவுல சொல்றேன். தோத்தாலும் சொல்றேன். உங்க ஃப்ளாட்ஸ்ல கொல்லைப்புறத்துக்கு என்ன செலவு பண்றீங்க, மண்ணு மிச்சம் இருக்கா, கமென்ட்ல எழுதுங்க.