சம்மதம் யாருடையது?

கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் என்று நம் வீட்டு முகங்கள் பலவும் ஏதோ ஒரு ஸ்டூடியோ கம்ப்யூட்டரில், பெரும்பாலும் போட்டோஷாப்பில், திருத்தப்பட்டுத்தான் வெளியே வருகின்றன. அந்தப் படங்கள் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வேறெங்கும் போகின்றனவா என்று நாம் கேட்பதே இல்லை.

2024 ஜூனில் போட்டோஷாப்பைத் திறந்தவர்கள் முன்னால் அடோபி நிறுவனத்தின் திருத்திய நிபந்தனைகள் வந்து நின்றன. ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு வேலை. பயனாளர்களின் படைப்புகளை இயந்திரம் மூலமும் ஆட்கள் மூலமும் நிறுவனம் பார்க்கக்கூடும் என்ற வரியைக் கண்டு ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் கொதித்தெழுந்தார்கள். வாடிக்கையாளர் படங்களைக் கொண்டு தன் ஃபயர்ஃப்ளை செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதில்லை, அவரவர் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை ஆராய்வதில்லை என்று அடோபி விளக்கம் சொன்னது. அதே மாதத்தில் நிபந்தனைகளையும் திருத்தி எழுதியது. அந்த விளக்கத்தை ஏற்கலாம். ஆனால், எதிர்ப்பு கிளம்பியிராவிட்டால் அது வந்திருக்குமா?

இதைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. போட்டோஷாப்பின் ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ வசதி, மண்டபச் சுவரை அழித்துவிட்டு அங்கே ஒரு மலர்த் தோட்டத்தையே வரவழைத்துவிடும். அந்த வேலை நம் கம்ப்யூட்டரில் நடப்பதில்லை. படம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. நிபந்தனைகளுக்கு ஒப்புதல் கொடுத்தவர் கடையின் ஆபரேட்டர். படத்தில் இருப்பவரோ மணப்பெண். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

வெளியே அனுப்பாத மென்பொருளும் படத்துக்குள் எதையாவது விட்டுவைக்கலாம். விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு படத்தை வெட்டி அதே பெயரில் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் அடியிலேயே தங்கிவிடுவதும், அதை ஓரளவு மீட்டெடுக்க முடிவதும் 2023 மார்ச்சில் தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் பிறகு அதைச் சரிசெய்தது. வங்கிக் கணக்கு எண்ணை வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். “வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா கிளாரிட்டி போயிடும், டாகுமென்ட்டா அனுப்புங்க” என்று கடைக்காரர் சொல்வது தொழில் அக்கறையால்தான். அப்படி அனுப்பும்போது, படம் எடுத்த நாளும் நேரமும், போனில் அந்த வசதி இயங்கியிருந்தால் எடுத்த இடமும், கோப்புக்குள்ளேயே உட்கார்ந்து போகின்றன.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய ‘கிம்ப்’, இலவசமான, மூலநிரல் திறந்த படத்திருத்த மென்பொருள். கணக்கு தொடங்கச் சொல்வதில்லை. புதிய பதிப்பு உண்டா என்று தன் தளத்தைக் கேட்டுப் பார்க்கும். வேண்டாமென்றால் அதையும் அணைத்துவிடலாம். படத்தை ஏற்றுமதி செய்யும்போது இடம், நேரக் குறிப்புகளை வைத்திருக்கலாமா நீக்கலாமா என்ற முடிவை நம் கையில் விடுகிறது. நிரலை யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம் என்பதால், அதன்மீது வைக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. எல்லாக் கடைகளும் நாளையே இதற்கு மாறிவிட முடியாது. பழகிய கை, பழகிய ஷார்ட்கட், வாங்கி வைத்த ஆல்பம் டிசைன்கள் எல்லாம் போட்டோஷாப்பில் இருக்கின்றன. அந்தச் சிரமம் நமக்குப் புரிகிறது.

அதனால்தான் சட்டத்தின் பக்கம் பார்க்கிறோம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாக, தெளிவாக, நிபந்தனையின்றிப் பெறப்பட வேண்டும் என்கிறது. சம்மதம் கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்பட அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் தரச் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அது முடியும்வரை மென்பொருள் நிறுவனங்கள் காத்திருக்கத் தேவையில்லை. படம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு வசதியிலும், போவதற்கு முன்பே அதைத் திரையில் தமிழில் சொல்லட்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னவருக்கும் மற்ற வேலைகள் தடையின்றி நடக்கட்டும். ஸ்டூடியோக்காரர்களும் ஆல்பம் ஆர்டர் எடுக்கும்போதே அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.