'இன்னொரு வீடா?' எனக் கேட்கும் பிள்ளைகளோடு செட்டிநாட்டில் ஒரு நாள்!

காரைக்குடிக்குக் குடும்பத்தோடு சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் காட்சி இது. முதல் பெரிய வீட்டைப் பார்க்கும்போது பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். இரண்டாவதில் செல்ஃபி எடுக்கிறார்கள். மூன்றாவது வீட்டு வாசலில், "இன்னொரு வீடா?" என்று போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, காட்டிக்கொண்டே போனால் அலுத்துவிடும். கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள், அந்த நாளே மாறிவிடும்.

காலை: கோட்டை

வெயில் ஏறும் முன் திருமயம் போய்விடுங்கள். புதுக்கோட்டை சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். சேதுபதி மன்னர் 1687-ல் கட்டிய கோட்டை இது. பாறையில் ஏறி, உச்சியில் இருக்கும் பீரங்கியைத் தொட்டுவிட்டு இறங்கினால், பிள்ளைகளின் பாதித் துறுதுறுப்பு அடங்கிவிடும். தண்ணீர் பாட்டில், தொப்பி, வழுக்காத செருப்பு மூன்றும் அவசியம்.

திரும்பும் வழியில்: கானாடுகாத்தான்

இங்கே ஒரு போட்டி வையுங்கள். 'இந்த வீடுகளில் எத்தனை நாடுகள் இருக்கின்றன?' தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலி சலவைக்கல், கண்ணாடி பெல்ஜியம் எனப் பட்டியல் நீளும். பார்க்க அனுமதிக்கும் வீடு கிடைத்தால், தலைவாசலில் நின்று நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். முகப்பு, வளவு, அடுத்தடுத்த கட்டுகள் தாண்டி, பின் தெருவின் வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும்.

'இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி வந்தே தீரும். நகரத்தார் கப்பலேறி ரங்கூன், பினாங்கு, கொழும்பு எனப் போய் வட்டித் தொழில் செய்த கதையைச் சொல்லுங்கள். கடன் திரும்பாததால் 1930-களில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளின் கோபமும் அந்தக் கதையில் உண்டு. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. வயலையும் வரவேண்டிய பணத்தையும் விட்டுவிட்டுப் பலர் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்த உலகப் போர், இந்தத் தெருவில் பூட்டிய கதவாக நிற்கிறது.

அடுத்து: ஆத்தங்குடி

முதலில் 'பெரிய வீடு' எனப்படும் லட்சுமி இல்லம். சிறு கட்டணத்தில் உள்ளே விடுகிறார்கள். பிறகு கல் பட்டறை. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே சிமென்ட்டும் மணலும். காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பிறகு உலரும்போது கண்ணாடியிலிருந்து கல் தானே கழன்று வருகிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. கேட்டுப் பாருங்கள், சில பட்டறைகளில் பிள்ளைகளையும் ஒரு கல் ஊற்ற விடுவார்கள். ஆனால், அதை அன்றே வீட்டுக்கு எடுத்துவர முடியாது, ஊறிக் காயச் சில நாள்கள் வேண்டும். ஞாயிறன்று வேலை நடக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு காரைக்குடியில். காரமான குழம்புக்குப் பிறகு கவுனி அரிசி இனிப்பைத் தவறவிடாதீர்கள்.

மாலை: முனீஸ்வரன் கோயில் தெரு

பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு இது. காலையில் வீட்டுக்குள் பார்த்த தூண், கதவு, எனாமல் தூக்கு எல்லாம் இங்கே விலைக்கு நிற்கின்றன. 'ஏன் விற்கிறார்கள்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில் பிழைப்பு. கூரை ஒழுகினால் மராமத்துச் செலவு லட்சங்களில். எல்லோரும் ஒத்துப்போகும் இடங்களில் வீடு நிற்கிறது. சில வீடுகள் விடுதியாகிப் பிழைத்திருக்கின்றன. மற்றவை தூண் தூணாக இந்தத் தெருவுக்கு வருகின்றன. யாரையும் குறை சொல்லாமல், இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசலாம். சொத்து, பங்கு, பொறுப்பு என்றால் என்ன என்று புரிகிற வயதுதான் அது.

கடைசியாக ஒரு வேலை. கடையில் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, 'இது எதற்குப் பயன்பட்டது?' என்று போனில் தாத்தாவிடமோ ஆச்சியிடமோ கேட்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க நீங்கள் பிடுங்கி வைக்க நினைத்த போனுக்கு, அந்தப் பத்து நிமிடம் நல்ல வேலை கிடைத்திருக்கும். "நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சே..." என்று மறுமுனையில் பேச்சு தொடங்கினால், குறுக்கிடாதீர்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.