யார் வீட்டுக்குள்ள யார் புகுந்தது?

"லயத்துக்குள்ள சிறுத்தை புகுந்துடுச்சு." மலையகத்திலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், பேஸ்புக்கில் ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். அடிச்சுக் கொல்லுங்க என்பது ஒன்று. தோட்டத்து ஆட்களே காட்டுமிராண்டிகள் என்பது மற்றது. ரெண்டாவது கோஷ்டியில் நம்ம கண்டி டவுன் நண்பர்களும் இருக்காங்க. லீவு நாளில் நக்கிள்ஸில் கூடாரம் அடிச்சு போட்டோ போடுறவங்க. எனக்குச் சண்டை அவங்களோடதான்.

கண்டியைச் சுற்றியிருந்த மலைக்காட்டை 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக அழித்தது வெள்ளைக்காரத் தொரைமார். கோப்பி நோயில் போச்சு, அதே மண்ணில் தேயிலை ஏறியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில் தேயிலை போட்டதும் இந்தக் கண்டி மாவட்டத்தில்தான். உழைக்க வந்த எங்க பூட்டன்மாருக்குக் கிடைத்தது ஒரு காம்பரா. நிலம் இல்லை.

மிஞ்சிய காட்டையாவது ஒழுங்கா பார்த்தோமா? நக்கிள்ஸை எடுங்க. மேற்குப் பக்கம் ஈரக்காடு, கிழக்கே இறங்க இறங்க வறண்ட காடு, உச்சியில் காற்றுக்குக் குள்ளமாகிப்போன மரங்கள், பிட்டவல பத்தனையில் புல்வெளி. மூக்கு நுனியில் இலை ஒட்டின மாதிரி இருக்கும் ஒரு ஓணான் உலகத்திலேயே இந்த மலைத்தொடரில் மட்டும்தான் வாழுது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தாச்சு, சந்தோஷம். ஆனால் சிறுத்தை அந்த எல்லைக்குள்ளேயே நிற்காது. தேயிலைக்கு நடுவில் இருக்கும் ஓடையோரக் காடும் அதுக்கு வீடுதான். லயத்துக்குப் பின்னால் குப்பை குவிஞ்சா நாய் வரும், நாயைத் தேடி சிறுத்தை வரும். அந்தக் குப்பையை அள்ள யார் வாராங்க?

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லணும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பி வலையில் மாட்டிய கருஞ்சிறுத்தை, மீட்ட பிறகும் பிழைக்கல. பன்றிக்குக் கட்டுற கம்பிக்கு எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது. நம்ம ஆட்களும் கட்டுறாங்க. கட்டக்கூடாது, அவ்வளவுதான். ஆனா ஒரே ராத்திரியில் மரக்கறிப் பாத்தியைப் பன்றி உழுதுட்டுப் போனால் நஷ்டம் யார் தலையில்? அதைப் பேசாம கம்பியை மட்டும் பேசுறது நியாயமில்ல.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோகூட தவறாமல் வெட்டத் தெரிந்த கம்பனிகளே, உங்க ஓடையோரக் காட்டில் கம்பி கிடக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவை சுற்றிப் பார்க்க நாலு பேருக்குப் பேர் போட முடியாதா?