பூனையைக் கொன்றது எது?

மாணவ நேயர் ஒருவர் எமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். “விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது என்று ஆங்கிலேயர் சொல்கிறார்களே! விலக்கு ஒன்று காணப்பட்டால் விதி பொய்த்துப்போக வேண்டுமேயன்றி மெய்யாவது எங்ஙனம்?” என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்வியே. அத்தொடர் இன்று வழங்கும் முறையை நோக்கினால் எவருக்கும் அவ்வையம் எழும். ஆயின், குற்றம் பழமொழியிலன்று. அதன் பழம்பொருளை மறந்துவிட்ட நம்மிடத்திலேயே உள்ளது.

அக்கருத்து உரோமாபுரி நீதிமன்றத்திலே தோன்றியது. பல்பஸ் என்பவருக்கு வழங்கப்பட்ட உரோமக் குடியுரிமை செல்லாது என்று கி.மு. 56ஆம் ஆண்டில் வழக்குத் தொடரப்பட்டது. அவருக்காக வாதாடியவர் நாவலர் சிசரோ. சில இனத்தாருடன் செய்த உடன்படிக்கைகளில், அவர்களுள் எவரையும் உரோமக் குடிகளாக ஏற்கலாகாது என்ற விலக்கு எழுதப்பட்டிருந்தது. அவ்விலக்கு எழுதப்படாத இடத்தில், ஏற்கலாம் என்பது தானே பெறப்படும் என்று அவர் வாதித்தார். பின்வந்த சட்ட அறிஞர்கள் இதனை ஒரு சூத்திரமாக்கினர்.

ஒரு நூதனசாலையின் வாயிலில், ‘ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் இல்லை’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஏனைய நாட்களிற் கட்டணம் உண்டு என்பதை எவரும் எழுதவில்லை; எனினும் நாம் அறிந்துகொள்கிறோம். விலக்கு விதியைக் காட்டிக்கொடுத்து விடுகிறது. பழமொழியின் பொருள் இவ்வளவே. இன்றோ, தமது கூற்றுக்கு மாறான சான்றை ஒருவர் எடுத்துக்காட்டியதும், அச்சான்றையே தமக்குத் துணையாக்கித் தப்பிக்கொள்ளும் உபாயமாக அது பயன்படுகிறது.

சொற்கள் பொருள் மாறுவது எம்மொழிக்கும் இயல்பு. ‘நாற்றம்’ என்பது பண்டு நறுமணத்தையும் குறித்த சொல்லன்றோ? இன்று மலரின் நாற்றம் என்று எழுதினால் வாசிப்போர் மூக்கைப் பிடித்துக்கொள்வர். பழமொழிக்குள் அகப்பட்ட ஒரு சொல் இவ்வாறு மாறும்போது, பழமொழியின் உருவம் நிற்க, உயிர் வேறாகிவிடுகிறது.

‘புடிங்கின் புரூப் அதனை உண்பதிலே’ என்பது மற்றொன்று. இங்கே ‘புரூப்’ என்றது சோதனையை. அச்சகத்தார் ‘புரூப் பார்த்தல்’ என்று கூறும்போது அப்பழம்பொருளே இன்னும் நின்று நிலவுகிறது. அக்காலப் புடிங் இன்று நாம் உண்ணும் இனிப்புப் பண்டமும் அன்று. விலங்கின் குடலில் இறைச்சி முதலியவற்றைத் திணித்து அவித்த உணவுக்கும் அப்பெயர் வழங்கிற்று. உள்ளே இருப்பது நல்லதோ தீயதோ, உண்டு பார்த்தாலன்றித் தெரியாது. இன்று பலர் இதனைச் சுருக்கி, ‘புரூப் புடிங்கிலே இருக்கிறது’ என்கின்றனர். எவரோ சான்றுப் பத்திரத்தைப் புடிங்குக்குள் ஒளித்துவைத்தது போலல்லவா இருக்கிறது!

இவை நகைத்து விட்டுவிடத் தக்கவை. வேறு சில மாற்றங்களோ நமது வீட்டையும் நாட்டையும் தொடுவன.

‘ஆவல் பூனையைக் கொன்றது’ என்பதைச் சிறுவர்க்குச் சொல்லாத ஆங்கில நூல் அரிது. வேண்டாதவற்றை ஆராயாதே, கேள்வி கேளாதே என்பது அதன் எச்சரிக்கை. ஆனால் 1598ஆம் ஆண்டில் அரங்கேறிய பென் ஜோன்சனின் நாடகத்திலும், ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்த ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் பூனையைக் கொன்றது ஆவல் அன்று. ‘கெயர்’, அதாவது கவலை. ஒன்பது உயிர் உடையது என்று ஆங்கிலேயர் கூறும் பூனையையும் கவலை கொன்றுவிடும். ஓர் உயிரே உடைய மனிதன் எம்மாத்திரம்? ஆதலால் மனத்தைத் தேற்றிக்கொள் என்பதே அதன் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் கவலை இருந்த இடத்தில் ஆவல் வந்து அமர்ந்தது. துயருற்றவரைத் தேற்றிய வாக்கு, வினவும் குழந்தையின் வாயை அடைக்கும் வாக்காயிற்று. கவலையைக் கடிந்த பெரியோர் அறிவு வேட்கையைக் கடிந்ததாக எண்ணி, நாமும் நம் பிள்ளைகளை அடக்குகிறோம்.

அழுகிய அப்பிளின் கதை இதனினும் கொடிது. ஓர் அழுகிய அப்பிள் தன்னைச் சேர்ந்தவற்றையும் கெடுக்கும் என்பது பழைய அனுபவம். 14ஆம் நூற்றாண்டிலே சோசர் இதனை எடுத்தாண்டார். 1736இல் பெஞ்சமின் பிராங்கிளின் தமது பஞ்சாங்கத்திலே பொறித்தார். அறிவியலும் இதற்குச் சான்று பகர்கிறது. பழுத்த அப்பிளிலிருந்து எழும் எதிலீன் என்னும் வாயு அயலிலுள்ள கனிகளையும் விரைந்து பழுக்கச் செய்து, அழுகலுக்கு வழி திறக்கிறது. எனவே, ஒன்று கெட்டது கண்டால் பீப்பா முழுவதையும் கொட்டிப் பார் என்பதே பழமொழியின் கட்டளை.

ஆனால் 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே முதலிடம் பெற்ற ஒஸ்மண்ட் சகோதரரின் பாட்டொன்று இதனைத் தலைகீழாக்கிப் பாடிற்று. அது காதற் பாட்டு, பிழையில்லை. ஆயின், ஒரு நிறுவனத்திலே ஊழலோ கொடுமையோ வெளிப்படும்போது, “ஒருசில அழுகிய அப்பிள்கள் இருந்தன, ஏனையவை நன்று” என்று தலைவர்கள் கூறுவது ஆங்கில நாடுகளில் வழக்கமாகிவிட்டது. பீப்பாவைச் சோதிக்கச் சொன்ன பழமொழியே பீப்பாவைச் சோதியாமற் காக்கும் மூடியாகிவிட்டது.

இங்கே மாணவர்க்கு ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பழம்பொருள் என்று எவர் எதைச் சொன்னாலும் நம்பிவிடலாகாது. ‘குருதி நீரினும் தடித்தது’ என்ற தொடர், தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நாம் கூறுவதை ஒத்தது. 1815இல் வெளியான ஸ்கொட்டின் நாவலிலும் அது உறவின் பற்றையே குறிக்கிறது. அண்மைக் காலத்திலே சிலர், உடன்பிறப்பினும் உடன்படிக்கையே வலியது என்பதுதான் அதன் மூலம் என்று பரப்புகின்றனர். அதற்குப் பழைய நூற்சான்று ஏதும் இல்லை. பழமொழியின் பொருளைத் திரிப்பது ஒரு பிழை. இல்லாத பழமையை அதற்குப் புனைவது மற்றொரு பிழை.

பழமொழி என்றவுடன் நாம் தலைவணங்குகிறோம். முன்னோர் அனுபவம் என்று வாதத்தை நிறுத்திவிடுகிறோம். ஆதலின், எவரேனும் ஒரு பழமொழியால் நம் வாயை அடைக்க முயலும்போது, முன்னோர் சொன்னது இதுதானா, இதன் பொருள் மாறியதால் நன்மை பெறுபவர் யார் என்று ஒருகணம் சிந்திப்போமாக. வினா விடுத்த மாணவரும் அதைத்தான் செய்தார். அவர் இன்னும் பல கேட்கட்டும். ஆவலால் எந்தப் பூனையும் இறந்துவிடாது.